ரசீதுக்குச் சட்டம் இருக்கிறது, நம் முகத்துக்கு?

(தாமான் மண்டபத்தில் ஞாயிறு மாலை நடந்த குடும்பச் சந்திப்பில் சகோதரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வர முடியாதவர்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)



நான் மேடையில் பேசிப் பழகியவள் அல்ல. தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்கிறவள். ஏற்பாட்டாளர்கள் வந்து, "அக்கா, அந்தக் கடையில் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள், எல்லாரும் தெரிந்துகொள்ளட்டும்" என்றார்கள். தமிழ்ப்பள்ளி, குடியுரிமை, வீட்டுடைமை, தடுப்புக் காவல் மரணம் என்று பேச நமக்கு எவ்வளவோ இருக்கிறது. இதில் ஒரு கைப்பைக் கடைக் கதை எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். கோர்ட்டுக்குப் போகாத தமிழன் இருக்கலாம். கடைக்குப் போகாத தமிழன் இருக்கிறானா? நம்மை இந்த நாட்டில் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது ஒவ்வொரு நாளும் தெரிவது கடை வாசலில்தான்.

நடந்ததைச் சொல்கிறேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒரு கடையைத் திட்டுவதற்காக நான் இங்கே வரவில்லை.

என் மகள் டிகிரி முடித்து வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. முதல் போனஸ் கைக்கு வந்தது. "அம்மா, உங்கள் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு நல்ல பர்ஸ் ஒன்று வாங்கித் தருகிறேன்" என்றாள். எனக்கு எதற்கடி அதெல்லாம் என்றேன். கேட்கவில்லை. கோலாலம்பூரில் ஒரு பெரிய பேரங்காடி. வெளிநாட்டுப் பிராண்டு கடை. கண்ணாடிக் கதவு, உள்ளே நல்ல வாசனை, மெல்லிய சங்கீதம். நான் பஞ்சாபி சூட் போட்டிருந்தேன். மகள் ஆபீஸ் உடுப்பு.

கதவைத் திறந்துவிட்ட ஜாகா நம் ஆள். என் தம்பி வயது இருக்கும். நாங்கள் உள்ளே போனதும் அவரும் வந்தார். நாங்கள் இடது பக்கம் போனால் இடது பக்கம், வலது பக்கம் போனால் வலது பக்கம். எங்களுக்குப் பின்னாலேயே ஒரு ஜோடி வெளிநாட்டுச் சுற்றுப்பயணிகள் நுழைந்தார்கள். அரைக்கால் சட்டை, காலில் ஜப்பான் சிலிப்பர். அவர்களுக்கு உட்கார நாற்காலி, குடிக்கத் தண்ணீர். எங்களை யாரும் என்ன வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை.

மகள் ஒரு பர்ஸைக் காட்டி, எடுத்துக் காட்டுங்கள் என்றாள். விற்பனைப் பெண் அதை எடுக்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ஆன்ட்டி, இனி மஹால் தாவு." இது விலை அதிகம் தெரியுமா என்று. கீழ்த்தளத்தில் மலிவு விற்பனை நடக்கிறது என்றும் வழி சொன்னாள். நாங்கள் விலை கேட்கவே இல்லை!

அந்தப் பெண் எந்த இனம் என்று இங்கே சிலர் மனதுக்குள் கேட்கிறீர்கள். அதைச் சொல்ல மாட்டேன். எந்த இனமாக இருந்தாலும் அந்தப் பார்வை ஒன்றுதான். அவள் மனதில் என்ன இருந்தது என்பதும் எனக்குத் தெரியாது. ஆனால் உடுப்புதான் காரணம் என்றால், சிலிப்பர் போட்டவருக்கு நாற்காலி ஏன் கிடைத்தது?

அப்போது நான் ஒரு தப்புச் செய்தேன். அதையும் மறைக்காமல் சொல்கிறேன். மகளின் முகம் சிவந்துபோயிருந்தது. திரும்பிப் போய்விடலாம் என்றாள். நான் விடவில்லை. "எடும்மா, இப்போதே வாங்கு" என்றேன். 1,390 வெள்ளி. என் கண் முன்னே கார்டைத் தேய்த்தாள். எங்களாலும் முடியும் என்று அந்தப் பெண்ணுக்குக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். அந்தக் காசில் வீட்டுக்கு இரண்டு மாத மளிகை வாங்கியிருக்கலாம். அவளோ பணத்தை வாங்கிக்கொண்டு அப்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நம்மில் எத்தனை பேர் இதைச் செய்கிறோம்! தவணையில் தங்கம், தவணையில் போன், சக்திக்கு மீறிய கார், சக்திக்கு மீறிய கல்யாணம். யாரோ ஒருவர் நம்மைக் குறைவாகப் பார்த்தார் என்பதற்காகக் கடன் வாங்கி மரியாதை வாங்கப் பார்க்கிறோம். அது அங்கே விற்பனைக்கு இல்லை. உலகப் பணக்காரப் பெண்களில் ஒருவரான அமெரிக்கத் தொலைக்காட்சிப் புகழ் ஓப்ரா வின்ஃப்ரியைத் தெரியும் அல்லவா? 2013-இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் ஒரு கடையில் கைப்பை ஒன்றைக் காட்டச் சொன்னபோது, அது உங்களுக்கு விலை அதிகம் என்று சொல்லி எடுத்துக் காட்டவில்லை என்று அவரே சொன்னார். கடைக்காரர்கள் அது தவறான புரிதல் என்றார்கள். எப்படியோ, கோடி கோடியாகப் பணம் வைத்திருப்பவருக்கே அந்த நினைப்பு வந்தது என்றால், நம் போனஸ் பணம் எம்மாத்திரம்?

கதை அதோடு முடியவில்லை. மூன்றே வாரத்தில் பர்ஸின் ஜிப் கழன்று வந்துவிட்டது. ரசீதை எடுத்துக்கொண்டு மறுபடியும் போனோம். முதலில், "விற்ற பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்றார்கள். பிறகு, "இது எங்கள் கடைப் பொருள்தானா?" என்றார்கள். ரசீது கையில் இருக்கிறது! பிறகு என் அடையாளக் கார்டைக் கேட்டார்கள். நானும் புத்தியில்லாமல் கொடுத்துவிட்டேன். அதை உள்ளே எடுத்துக்கொண்டு போய், நாற்பது நிமிஷம் எங்களை நிற்க வைத்தார்கள். வருகிறவர் போகிறவர் எல்லாம் திருடியைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டு போனார்கள். என் மகள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

வெளியே வந்தபோது அந்த ஜாகா தம்பி மெதுவாகப் பக்கத்தில் வந்தார். தமிழில் சொன்னார்: "அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. யார் பின்னால போகணும்னு மேல இருந்து சொல்லுவாங்க. நான் போகலன்னா எனக்குத்தான் மெமோ வரும். பன்னிரண்டு மணி நேரம் நிக்கிறேன், இந்த வேலையும் போச்சுன்னா புள்ளைங்க ஸ்கூல் பஸ்ஸுக்குக் காசு கட்ட முடியாது." பிறகு இன்னொன்றும் சொன்னார்: "பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போங்கக்கா. அஞ்சு வெள்ளிதான்."

அந்தத் தம்பி மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அங்கேயே போய்விட்டது. தோட்டத்தில் துரை சொன்னதைத் தண்டல் செய்தார், தண்டலும் நம் ஆள்தான். நம்மை வைத்தே நம்மைக் கண்காணிப்பது புதிதா என்ன? ஆனால் வழி காட்டியதும் அந்தத் தம்பிதான்.

போனோம். இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள், இது உங்களுக்குப் பயன்படும்.

நம் நாட்டில் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. விற்கிற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது அந்தச் சட்டம் தரும் உத்தரவாதம். "விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது" என்று சுவரில் எழுதி ஒட்டினாலும், ரசீதில் அச்சடித்தாலும், பழுதான பொருள் விஷயத்தில் அந்த உரிமை போகாது. சட்டத்துக்கு மேல் கடைக்காரரின் போர்டு கிடையாது.

அந்தச் சட்டத்தின் கீழ்தான் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் கீழ் இயங்குகிறது. மனுப் போட 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கலாம். 2019-இல் சட்டத்தைத் திருத்துவதற்கு முன் அது 25,000-ஆக இருந்தது. பிரச்சினை நடந்து 3 ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. பொதுவாக எதிர்த்தரப்பும் வழக்கறிஞரை வைத்து வாதாட முடியாது. நீங்களும் அவர்களும் நேருக்கு நேர். தீர்ப்பை 14 நாளில் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம்.

மகள் மனுவைப் பதிந்தாள். விசாரணை நாளில் கடைத் தரப்பில் கோட் போட்ட ஒருவர் வந்தார். என்ன மரியாதை! "மேடம், மேடம்" என்றார். அதே கடை, அதே நான். விசாரணை முழுதாக நடக்கவே இல்லை. சமரசத்திலேயே 1,390 வெள்ளியும் திரும்பி வந்தது.

ஆனால் இங்கேதான் விஷயம். மனுப் பாரத்தை நிரப்பும்போது மகள் கேட்டாள்: "அம்மா, நம்மைப் பின்தொடர்ந்ததை எங்கே எழுதுவது? நாற்பது நிமிஷம் நிற்க வைத்ததை எங்கே எழுதுவது?" பொருள் என்ன, விலை என்ன, பழுது என்ன, எவ்வளவு வெள்ளி கேட்கிறீர்கள் என்றெல்லாம் எழுத இடம் இருந்தது. அதற்கு மட்டும் இடம் இல்லை. பர்ஸின் ஜிப் அறுந்ததற்குச் சட்டம் இருக்கிறது. எங்கள் மனம் அறுந்ததற்கு இல்லை.

ஏன் இல்லை? நம் அரசியலமைப்பின் 8-ஆவது பிரிவு, சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்கிறது. சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பாலினம் காரணமாகக் குடிமக்களிடம் பாகுபாடு கூடாது என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துவது. 2005-இல் ஒரு விமானப் பணிப்பெண் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: அரசியலமைப்பு உரிமை அரசாங்கத்துக்கு எதிராகத்தான், தனியார் ஒருவருக்கு எதிராக அல்ல. ஆக, கடைக்காரர் உங்களை இனம் பார்த்து நடத்தினால் 8-ஆவது பிரிவைக் காட்டி அவரை நிறுத்த முடியாது. தனியார் கடை, தனியார் வாடகை வீடு இவற்றில் இனப் பாகுபாட்டைத் தடுக்கத் தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. "இந்தியர்களுக்கு வாடகைக்கு இல்லை" என்ற வரியை எத்தனை விளம்பரத்தில் பார்த்திருக்கிறீர்கள்?

மற்ற இடங்களில் எப்படி? நம் முன்னோரைக் கப்பலில் ஏற்றிக் கொண்டு வந்தார்களே, அந்த பிரிட்டனில் 1968-ஆம் ஆண்டு முதல் கடையிலும் வாடகை வீட்டிலும் வேலையிலும் இனப் பாகுபாடு காட்டுவது சட்டவிரோதம். இப்போது 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் அங்கே அமலில் இருக்கிறது. அமெரிக்காவின் நியூயார்க்கில் பார்னிஸ் என்ற ஆடம்பரக் கடை இருந்தது. 19 வயதுக் கறுப்பின மாணவர் ஒருவர் அங்கே பெல்ட் வாங்கிப் பணமும் கட்டி வெளியே வந்த பிறகு போலீஸ்காரர்கள் தடுத்து, உனக்கு எப்படி இவ்வளவு காசு என்று கேட்டார்கள் என்று 2013-இல் புகார் கிளம்பியது. மாநிலத் தலைமை வழக்கறிஞர் விசாரித்தார். 2014-இல் அந்தக் கடை 5,25,000 டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. யாரைப் பின்தொடர்வது என்பதில் இனம் பார்க்கக் கூடாது என்று ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கவும், வெளியாள் ஒருவர் அதைக் கண்காணிக்கவும் ஒப்புக்கொண்டது. சட்டம் இருந்ததால் கேள்வி கேட்க முடிந்தது.

நம் நாட்டில்? ஐ.நா. 1965-இல் கொண்டு வந்த இனப் பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையில் மலேசியா இன்னும் சேரவில்லை. 2018-இல் அரசாங்கம் சேரப் போவதாகச் சொன்னது. எதிர்ப்புக் கிளம்பியதும் அதே நவம்பரில் பின்வாங்கியது. நம் மக்களில் பலருக்கு இந்த உடன்படிக்கை எதற்கு என்றே தெரியாது. நாற்பது நிமிஷம் அந்தக் கடையில் நின்ற பிறகு எனக்குத் தெரிந்தது.

ஒரே ஒரு கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. அது வேலை செய்கிறவர்களுக்கு. 2023 ஜனவரி முதல் வேலைச் சட்டத்தில் 69எஃப் என்ற பிரிவு இருக்கிறது. வேலையிடத்தில் பாகுபாடு என்று ஊழியர் புகார் செய்தால் தொழிலாளர் இலாகா தலைமை இயக்குநர் விசாரித்து முடிவு சொல்லலாம். நம் பெண்பிள்ளைகள் எத்தனையோ பேர் கடைகளில் வேலை செய்கிறார்கள். "நீ ஸ்டோரில் இரு, கௌண்டரில் வேண்டாம்" என்று நிறம் பார்த்துச் சொன்னால் தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம். ஆனால் வேலை கேட்டுப் போகும்போதே இனம் பார்த்துத் தள்ளிவிட்டால், அந்தப் பிரிவு பிடி கொடுக்கவில்லை. இன்னும் ஊழியராகவே ஆகவில்லையே!

சகோதர சகோதரிகளே, 2007 நவம்பர் 25-ஆம் தேதி உங்களில் பலர் அம்பாங் சாலையில் நின்றீர்கள். நானும் என் கணவரும் நின்றோம். கண்ணீர்ப் புகையில் கண் எரிய, இரட்டைக் கோபுரத்தின் பக்கத்தில் கைகோத்துக்கொண்டு ஓடினோம். அன்று நாம் கேட்டது சலுகை அல்ல, மனிதராக நடத்துங்கள் என்பதுதான். அந்தக் கேள்வியைச் சாலையில் கேட்ட நாம், கடைக்குள் கேட்க ஏன் கூச்சப்படுகிறோம்?

நீங்கள் வீட்டுக்குப் போய் நினைவில் வைக்க வேண்டியவை:

ஒன்று. ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். வெயிலில் எழுத்து அழிந்துவிடும், போனில் படம் எடுத்து வையுங்கள். ரசீது இருந்தால் பாதி வழக்கு ஜெயித்த மாதிரி.

இரண்டு. அடையாளக் கார்டைக் கடைக்காரரிடமோ ஜாகாவிடமோ விட்டுவிடாதீர்கள். தனியார் ஜாகாக்கள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று தேசியப் பதிவிலாகாவே பலமுறை சொல்லியிருக்கிறது.

மூன்று. ஜாகா போலீஸ் அல்ல. திருடியதாகச் சந்தேகப்பட்டால், "போலீஸைக் கூப்பிடுங்கள், காத்திருக்கிறேன்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். போலீஸே வந்தாலும் ஒரு பெண்ணைப் பெண்தான் சோதனை செய்ய வேண்டும், அதுவும் கண்ணியமாக. இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது. சத்தம் போடாதீர்கள், கை நீட்டாதீர்கள். கோபப்பட்டால் கதை மாறிவிடும், நாம்தான் குற்றவாளி ஆவோம்.

நான்கு. வெளியே வந்ததும், அன்றைக்கே, தேதி, நேரம், யார் என்ன சொன்னார், யார் பார்த்தார் என்று எழுதி வையுங்கள். கடையின் தலைமை அலுவலகத்துக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். பொருள் பழுதானால் நடுவர் மன்றம். எழுதத் தெரியாவிட்டால் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்றவர்களைக் கேளுங்கள், நம் ஆட்களையும் கேளுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். பாரத்தில் இடம் இல்லாவிட்டாலும் தனித்தாளில் நடந்ததை எழுதி இணைத்துவிடுங்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை, இப்போது வருத்தப்படுகிறோம். நூறு பேர் எழுதினால் அது நூறு சாட்சி. பாகுபாட்டைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று நாடாளுமன்ற உறுப்பினரிடம் போய்க் கேட்கும்போது கையில் வைக்க அது வேண்டும்.

ஐந்து. இது நமக்கே. பிள்ளைகளிடம், "நல்ல உடுப்பு போடு, இல்லாவிட்டால் மதிக்க மாட்டார்கள்" என்று சொல்லி வளர்க்காதீர்கள். உடுப்பு அவர்கள் விருப்பம். தப்பு அவர்களுடையது அல்ல என்று சொல்லிக் கொடுங்கள். அதோடு, நம் மளிகைக் கடைக்கும் துணிக்கடைக்கும் ஒரு வங்காளதேசத் தொழிலாளி வந்தால் அவரை எப்படிப் பார்க்கிறோம்? அவர் பின்னால் நம் பையனை அனுப்புகிறோமா இல்லையா? நமக்குச் செய்யக்கூடாததை நாம் பிறருக்குச் செய்துவிட்டு எந்த வாயால் கேட்பது?

கடைசியாக ஒன்று. திரும்பி வந்த 1,390 வெள்ளியை மகள் என் கையில் கொடுத்து, "உங்கள் பிறந்தநாள் காசு, என்ன வேண்டுமானாலும் வாங்குங்கள்" என்றாள். காஜாங் பக்கம் ஒரு சின்னக் கடையில் 45 வெள்ளிக்கு ஒரு பர்ஸ் வாங்கினேன். இதோ, கையில்தான் இருக்கிறது. ஜிப் நன்றாக இருக்கிறது. மீதிப் பணம் அவள் பேரில் வங்கியில் இருக்கிறது.

அந்த ஜாகா தம்பியைத் தேடி ஒரு நாள் போனேன், நன்றி சொல்ல. அவர் அங்கே இல்லை. வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்களாம், எங்கே என்று யாரும் சொல்லவில்லை. அவர் இதைப் படித்தால் அல்லது யாராவது அவரிடம் சொன்னால், அக்கா உங்களை மறக்கவில்லை என்று சொல்லுங்கள்.

மனுப் பாரம் நிரப்ப உதவி தேவைப்படுகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் பின்வரிசையில் என் மகளைப் பாருங்கள். ரசீது கொண்டு வந்திருந்தால் இன்றைக்கே எழுதிவிடலாம்.